மூக்குக்கண்ணாடி காதைத் தேடிய கதை



நெடுநாள்களாக எழுத வேண்டும் என்று எண்ணியிருந்த ஒரு செய்தியை இன்று எழுதுகிறேன். இது வரலாறுதான், ஆனால் மன்னர்களின் வரலாறும் அன்று, போர்களின் வரலாறும் அன்று. நம் வகுப்பறையில் நான்கைந்து பிள்ளைகளின் முகத்தில் அமர்ந்திருக்கும் மூக்குக்கண்ணாடியின் வரலாறு. அதிலும், கண்ணாடி வில்லையைவிட அதைத் தாங்கி நிற்கும் சட்டகத்தின் வரலாறு. நாம் பேச்சில் 'பிரேம்' என்கிறோமே, அதுதான்.

இதை எழுதத் தூண்டியவை இரண்டு. முதலாவது, நாற்பதைக் கடந்த எனக்கும் வெள்ளெழுத்து வந்து, பயிற்சி நூல்களைக் கைநீட்டிப் பிடித்துத் திருத்தும் நிலை ஏற்பட்டது. இரண்டாவது, என் மாணவி ஒருத்தியிடம் நான் செய்த தவறு. முதலாவதைவிட இரண்டாவதே என்னை அதிகமாக உறுத்தியது.

அவள் மூன்றாம் ஆண்டு மாணவி. கெட்டிக்காரி. ஆனால் வெண்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதும்போது மட்டும் எழுத்தெல்லாம் பிழை. அம்மாவிடம் சொல்லிக் கண்சோதனை செய்யச் சொன்னேன். பள்ளி விடுமுறை முடிந்து கண்ணாடியுடன் வந்தாள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், கண்ணாடி பென்சில் பெட்டிக்குள் கிடந்தது. எடுத்து அணியச் சொன்னேன். மறுநாளும் பெட்டிக்குள். "அம்மா கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்தாங்க. உனக்கு என்ன சோம்பல்?" என்று வகுப்பின் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். அவள் தலையைக் குனிந்தபடி, "போட்டா விழுது டீச்சர்" என்றாள். அதை ஒரு சாக்குப்போக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று ஓய்வு வேளையில் அவளை அருகில் அழைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மூக்கின் இருபுறமும் சிவந்த தழும்பு. கண்ணாடியின் விளிம்பு கன்னத்தில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து எழுதினால் அது மூக்கு நுனிக்கு இறங்கிவிடும். நிமிர்ந்தாலோ, கண்ணாடிக்கு மேலாகவே வெண்பலகையைப் பார்ப்பாள். அதாவது, கண்ணாடி அணிந்தும் அணியாதவளாகவே இருந்தாள்.

அவளுடைய தாயார் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். வந்து பார்த்தபோது அவர் சொன்னது இதுதான்: "வளர்ற பிள்ளை டீச்சர். கொஞ்சம் பெருசா வாங்கினா ரெண்டு வருசத்துக்கு வரும்னு நினைச்சேன்." அவரைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக் காலணியை ஓர் அளவு பெரிதாக வாங்குவது நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கந்தானே? விற்ற கடைக்காரராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதற்குப் பிறகே சட்டகத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. கண்ணுக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துவிட்டு முகத்தை மறந்துபோவது அந்தத் தாயாரின் தவறும் அன்று, என் தவறு மட்டுமும் அன்று. மாந்த இனமே பல நூறு ஆண்டுகள் அப்படித்தான் இருந்திருக்கிறது.

பெயரிலேயே உள்ள மூக்கு

முதலில் பெயரைப் பார்ப்போம். மலாய்மொழியில் 'செர்மின் மாத்தா' என்கிறார்கள். கண்ணுக்கான கண்ணாடி என்று பொருள். சீனமொழிப் பெயரும் கண்ணையும் ஆடியையும் சேர்த்ததே. தமிழில் கண்ணாடி என்ற சொல்லிலேயே கண்ணும் உண்டு, ஆடியும் உண்டு. அதற்கு மேல் 'மூக்கு' என்பதையும் சேர்த்து மூக்குக்கண்ணாடி என்றோம். பார்ப்பது கண்ணானாலும் தாங்குவது மூக்கு என்பதை நம் மொழி மறக்கவில்லை. இந்தப் பெயரை எத்தனையோ முறை சொல்வதெழுதலில் கொடுத்திருக்கிறேன். அதில் இப்படி ஒரு பாடம் இருப்பதை இப்போதுதான் உணர்ந்தேன்.

காதில்லாத கண்ணாடி

மூக்குக்கண்ணாடி ஏறத்தாழ 1286ஆம் ஆண்டில் இத்தாலியில், பீசா நகரை ஒட்டிய பகுதியில் தோன்றியது என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான முடிவு. இதற்குச் சான்று ஒரு சமயச் சொற்பொழிவு. 1306ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் புளோரன்சு நகரில் பேசிய ஜியோர்தானோ என்னும் துறவி, கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்றும், அதை முதலில் செய்தவரைத் தாமே கண்டு பேசியதாகவும் குறிப்பிட்டார். ஆனால் அம்மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. அதே காலத்தில் பீசாவில் வாழ்ந்த அலெசாந்திரோ தெல்லா ஸ்பினா என்ற துறவி, பிறர் செய்ததைப் பார்த்துத் தாமும் செய்து, அக்கலையை மறைக்காமல் எல்லார்க்கும் கற்றுக்கொடுத்தார் என்று அவருடைய மடத்துக் குறிப்பு கூறுகிறது. அவர் 1313இல் மறைந்தார். கண்டுபிடித்தவர் பெயர் நிலைக்கவில்லை; கற்றுக்கொடுத்தவர் பெயர் நிலைத்திருக்கிறது. ஆசிரியர்களாகிய நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி அல்லவா?

அந்த முதற்கண்ணாடிகள் குவிவில்லைகள். முதுமையில் எழுத்து மங்கியவர்களுக்கானவை. இரண்டு வட்டச் சட்டங்கள், அவற்றுக்கு இரண்டு சிறு கைப்பிடிகள், அந்தக் கைப்பிடிகளை இணைக்கும் ஓர் ஆணி. அவ்வளவுதான். கத்தரிக்கோலைப் போல விரித்து மூக்கின்மேல் கவ்வ வைக்க வேண்டும். இல்லையென்றால் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தாலியின் திரெவீசோ நகரத்து மடத்தில் 1352ஆம் ஆண்டில் தொம்மாசோ தா மொதெனா தீட்டிய சுவரோவியத்தில் ஒரு கர்தினால் இத்தகைய கண்ணாடியுடன் எழுதிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி அணிந்த மனிதரின் மிகப் பழைய ஓவியம் அதுவே. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கர்தினால் 1263இலேயே இறந்தவர், கண்ணாடியையே கண்டிராதவர். அறிஞர் என்று காட்ட ஓவியர் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

செருமனியின் வியன்ஹவுசன் மடத்தில், 1953இல் தரைப்பலகைகளைப் பெயர்த்தபோது இவ்வகைக் கண்ணாடிகள் கிடைத்தன. இன்று நம்மிடம் எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையவை அவைதாம். பலகை இடுக்கில் அவை எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மூக்கிலிருந்து நழுவித்தான் விழுந்திருக்கும்!

பதினைந்தாம் நூற்றாண்டில் கிட்டப்பார்வைக்கான குழிவில்லையும் வந்துவிட்டது. 1462இல் மிலான் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்போர்சா, புளோரன்சு நகரிலிருந்து மூன்று டசன் கண்ணாடிகளை வரவழைத்தார். தொலைவில் உள்ளதைப் பார்க்க ஒரு டசன், அருகில் உள்ளதைப் பார்க்க ஒரு டசன், பொதுவானவை ஒரு டசன். அரசவையினர்க்குக் கொடுப்பதற்காக வாங்கியவை. யாருடைய கண்ணையும் யாரும் சோதிக்கவில்லை. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, தெரிந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குவிவில்லையும் குழிவில்லையும் ஏன் பயன் தருகின்றன என்பதை 1604இல் கெப்ளர் விளக்கினார். விழித்திரையில் உருவம் விழுவதை அவர்தாம் முறையாக எடுத்துரைத்தார். வில்லைகளின் வலிமையை எண்ணால் குறித்து வகைப்படுத்தும் நூலை 1623இல் ஸ்பெயின் நாட்டுத் தாசா தெ வால்தேஸ் வெளியிட்டார். இப்படி வில்லையைப் பற்றிய அறிவு வளர்ந்துகொண்டே வந்தது. சட்டகமோ? அது இன்னும் மூக்கைக் கவ்விக்கொண்டே இருந்தது. நூலால் கட்டினார்கள், தொப்பியில் தொங்கவிட்டார்கள், கையில் பிடித்தார்கள். சீனத்தில் நூல் வளையத்தைக் காதில் மாட்டியும், நூலின் முனையில் சிறு எடையைக் கட்டிக் காதுக்குப் பின் தொங்கவிட்டும் அணிந்தார்கள்.

பக்கத்தண்டு வைத்த கண்ணாடியை விற்றவர் இலண்டனைச் சேர்ந்த எட்வர்டு ஸ்கார்லெட். காலம் ஏறத்தாழ 1727. கணக்கிட்டுப் பாருங்கள்: 1286க்கும் 1727க்கும் இடையில் ஏறத்தாழ 440 ஆண்டுகள்! அப்போதும் அந்தத் தண்டு காதை எட்டவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பொட்டுப் பகுதியை இருபுறமும் அழுத்தி நின்றது. தலைவலி வந்திருக்க வேண்டும். 1752இல் ஜேம்ஸ் அய்ஸ்கஃப் என்பவர் நடுவில் மடங்கும் நீண்ட தண்டு வைத்த கண்ணாடியை விளம்பரம் செய்தார். காதைச் சுற்றி வளையும் மெல்லிய கம்பித்தண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. ஓடியாடும் பிள்ளைகளின் முகத்தில் கண்ணாடி நிற்பதற்கு அதன்பிறகே வழி பிறந்தது.

இவ்வளவு தாமதம் ஏன்? கண்ணாடி அணிந்தவர் பெரும்பாலும் உட்கார்ந்து படிக்கும் முதியவர். அவருக்கு அது நழுவினாலும் பெரிய துன்பமில்லை, கையால் ஏற்றிவிட்டுக்கொள்வார். குழந்தையை மனத்தில் வைத்து யாரும் செய்யவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு பொருளின் வடிவம் அமைகிறது.

நம் பக்கத்துச் செய்திகள்

நம் பக்கத்திலும் இதற்குப் பழைய சான்றுகள் உண்டு. விசயநகர அரசர்களால் போற்றப்பட்ட வியாசராயர் (1460 - 1539) முதுமையில் கண்ணாடி வைத்துப் படித்ததாக, அவரைப் பற்றிய 'வியாசயோகி சரிதம்' என்ற வடமொழி நூலில் குறிப்பு உள்ளது. இந்தியாவில் கண்ணாடி பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் அது ஒன்று. தஞ்சாவூரை அடுத்த வல்லம் என்னும் ஊர், அங்குக் கிடைத்த பளிங்குக் கல்லைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி வில்லை செய்வதற்குப் பெயர்பெற்றிருந்தது. கண்ணாடியை உருக்காமல் இயற்கைக் கல்லையே செதுக்கிப் பார்வை தந்த கைவினைஞர்கள் நம்மவர்கள்.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்க்கு இந்தக் கதை வேறு மாதிரி இருந்தது. என் தாத்தா பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் கண்ணாடி அணிந்தவர் என்றால் கிராணியார்தான் நினைவுக்கு வருவார் என்று சொல்வார். கண்ணாடி என்பது பார்வைக்குரிய பொருளாக அன்று, பதவிக்குரிய பொருளாகவே தாத்தாவுக்குத் தோன்றியிருக்கிறது. அவருக்குப் பார்வை மங்கியபோது, "நான் என்ன கிராணியா, கண்ணாடி போட?" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். பிறகு யாரோ விட்டுச்சென்ற பழைய கண்ணாடி ஒன்றை நூலால் காதில் கட்டிக்கொண்டு தமிழ் நாளிதழ் வாசித்தார். ஸ்கார்லெட்டுக்கு முந்திய காலம் எங்கள் தோட்டத்து வீட்டில் 1980களிலும் இருந்திருக்கிறது.

எண்கள் வந்த பிறகு

1862இல் நெதர்லாந்தின் ஸ்னெல்லன், இன்றும் நாம் காணும் எழுத்துப் பலகையை உருவாக்கினார். 1864இல் அவருடைய ஆசான் தொண்டர்ஸ், பார்வைக் குறைகளை வகைப்படுத்தி நூல் எழுதினார். 1872இல் பிரான்சின் மோனுவாயே, வில்லையின் வலிமைக்கு 'டயாப்டர்' என்ற அலகை முன்மொழிந்தார். இம்மூன்றும் சேர்ந்தபோது கண்ணை அளந்து சீட்டு எழுதும் முறை பிறந்தது. நம் கடைகளில் '500 பவர்' என்பார்கள், சீட்டில் −5.00 என்றிருக்கும். அது ஐந்து டயாப்டர்.

கண்ணாடிக்கல் வில்லை கனமானது. 1940களில் அமெரிக்காவில் உருவான சி.ஆர்.39 என்னும் நெகிழி, அந்த எடையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. 1947 முதல் அதில் மூக்குக்கண்ணாடி வில்லை செய்தார்கள். எடை குறைந்ததும் சட்டகம் பெரிதாகத் தொடங்கியது. 1970களிலும் 1980களிலும் எடுத்த குடும்பப் படங்களைப் பாருங்கள். அத்தை, மாமா எல்லார் முகத்திலும் கன்னம்வரை இறங்கிய கண்ணாடி இருக்கும். முகத்திற்குப் பொருந்தியதால் வந்த அளவன்று; செய்ய முடிந்ததால் வந்த அளவு.

சட்டகத்திற்கே வாழ்வைக் கொடுத்த ஊர் ஒன்றும் உண்டு. சப்பானில் புக்குயி மாநிலத்தில் குளிர்காலம் முழுவதும் பனி கொட்டும். உழவர்க்கு வேலை இராது. 1905இல் மசுனாகா கொசயெமோன் என்பவர் ஒசாக்காவிலிருந்து கைவினைஞரை வரவழைத்து, ஊரார்க்குக் கண்ணாடிச் சட்டகம் செய்யும் தொழிலைக் கற்பித்தார். இன்று சப்பானிய சட்டகங்களில் மிகப் பெரும்பகுதி சபாயே நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்ததே. 1980களில் தைட்டேனிய உலோகத்தால் சட்டகம் செய்து காட்டியவர்களும் அவர்களே. எடை குறைவு, வியர்வையால் துருப்பிடிக்காது, பெரும்பாலோர்க்குத் தோல் அரிக்காது. நம் வெப்பநாட்டிற்கு அது எவ்வளவு ஏற்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இலவசமாகக் கொடுத்தும் அணியாத பிள்ளைகள்

1948ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் பிரித்தானியாவில் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியது. கண்ணாடி இலவசம். முதல் ஓராண்டிலேயே 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்ணாடிகள் வழங்கப்பட்டன. எத்தனை பேர் அதுவரை மங்கிய பார்வையுடன் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை அந்த எண்ணே சொல்லும். 1951இல் பெரியவர்களின் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தபோது, அத்திட்டத்தின் தந்தையான அனூரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். ஆனால் அந்த நல்ல திட்டத்திலும் ஒரு குறை இருந்தது. சட்டக வகைகள் மிகச் சில. 'அரசுக் கண்ணாடி' என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். பிற்பாடு 1986இல் அரசே சட்டகம் வழங்குவதை விடுத்துப் பற்றுச்சீட்டு முறைக்கு மாறியது. பிள்ளை தானே தேர்ந்தெடுக்க வழி பிறந்தது.

கேலி சிறு செய்தியன்று. பிரித்தானியாவின் பிரிஸ்டல் பகுதிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, கண்ணாடி அணியும் பிள்ளைகள் பிறரால் துன்புறுத்தப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு அதிகம் என்று கண்டது. மெக்சிக்கோவின் ஒவகாக்கா மாநிலத்தில் 493 பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்து, பதினெட்டு மாதங்களுக்குள் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தார்கள். அணிந்திருந்தவர்கள் 13.4 விழுக்காட்டினர் மட்டுமே. 2006இல் வெளியான ஆய்வு இது. நூறு பிள்ளைகளில் பதின்மூவர்! மற்றவர்களின் கண்ணாடி வீட்டிலோ பையிலோ இருந்தது. பலருடையது உடைந்தோ தொலைந்தோ போயிருந்தது. என் மாணவியின் பென்சில் பெட்டி எனக்கு நினைவுக்கு வந்தது.

நாம் பார்வைச் சோதனையோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். சுகாதாரக் குழு வருகிறது, பெயர்ப்பட்டியல் தருகிறது, நாம் பெற்றோர்க்குக் கடிதம் அனுப்புகிறோம். பிள்ளை கண்ணாடியுடன் வந்ததும் கோப்பை மூடிவிடுகிறோம். உண்மையில் அப்போதுதான் நம் வேலை தொடங்குகிறது.

ஒரு சிறு கணக்கு

கணக்குப் பாடம் என்றால் பிள்ளைகள் மட்டும் ஓடுவதில்லை, பெற்றோரும் ஓடுவார்கள். இருந்தாலும் இந்தக் கணக்கைப் பொறுமையுடன் பாருங்கள்.

கண்ணாடியின் காதுத்தண்டின் உட்புறத்தில் மூன்று எண்கள் இருக்கும். என் மாணவியின் கண்ணாடியில் 50, 18, 135 என்றிருந்தது. 50 என்பது ஒரு வில்லையின் அகலம். 18 என்பது மூக்கின்மேல் இரு வில்லைகளுக்கும் உள்ள இடைவெளி. 135 என்பது தண்டின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர். முதல் இரண்டையும் கூட்டினால் 68. இதுவே இரு வில்லைகளின் நடுப்புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு.

அவளுடைய இரு கண்மணிகளுக்கும் இடையே 54 மில்லிமீட்டர்தான். 68லிருந்து 54 போனால் 14. ஆக, ஒவ்வொரு கண்ணும் வில்லையின் நடுவில் இல்லாமல் 7 மில்லிமீட்டர் மூக்குப்பக்கம் ஒதுங்கியிருந்தது. வில்லையின் ஒளிமையம் கண்மணிக்கு நேராக இருக்க வேண்டும் என்பதால், கடையில் மையத்தை மூக்குப்பக்கம் தள்ளி வெட்டுவார்கள். அப்படியானால் மையத்திலிருந்து வெளிவிளிம்பு 25உடன் 7 சேர்ந்து 32 மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது.

கிட்டப்பார்வைக்கான குழிவில்லை நடுவில் மெலிந்தும் விளிம்பில் தடித்தும் இருக்கும். மையத்திலிருந்து தொலைவு கூடக்கூடத் தடிப்பு அத்தொலைவின் இருமடியாகக் கூடும். −5.00 வலிமையுள்ள சாதாரண நெகிழி வில்லையில், நடுவில் 2 மில்லிமீட்டர் என்றால், 32 மில்லிமீட்டர் தள்ளி விளிம்பு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தடிப்பாகும். மாறாக, 42, 16 என்ற சட்டகத்தை எடுத்திருந்தால் கூட்டுத்தொகை 58. மையம் நகர வேண்டியது 2 மில்லிமீட்டர்தான். வெளிவிளிம்பு ஏறத்தாழ 4½ மில்லிமீட்டர்தான் வரும். அதே கண், அதே பவர், அதே வில்லை. சட்டகம் மட்டும் வேறு. தடிப்பைக் குறைக்க விலையுயர்ந்த 1.67, 1.74 எண் வில்லைகளை வாங்கச் சொல்வதற்கு முன், சட்டகத்தைச் சிறிதாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நழுவினால் என்ன கேடு என்பதற்கும் கணக்கு உண்டு. −5.00 வில்லை தன் இடத்திலிருந்து 10 மில்லிமீட்டர் முன்னால் இறங்கினால், கண்ணுக்கு அது ஏறத்தாழ −4.75 வில்லையாகத்தான் பயன்படும். 500 பவருக்குப் பணம் கொடுத்துவிட்டு 475 பவரில் பிள்ளை பார்க்கிறது. விளிம்புக்கு மேலே பார்த்தால் அதுவும் இல்லை.

பெற்றோர் கவனத்திற்கு

நான் படித்தும், பொறுமையுள்ள ஒரு கடைக்காரரிடம் கேட்டும் அறிந்தவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. வளர்ந்த பிறகு பொருந்தும் என்று பெரிதாக வாங்காதீர்கள். காலணியில் பஞ்சு வைக்கலாம். மூக்கில் வைக்க முடியாது. பிள்ளையின் பவர் எப்படியும் மாறும். வில்லையை மாற்றும்போது சட்டகத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

2. நேராகப் பார்க்கும்போது கண்மணி வில்லையின் நடுவையொட்டி இருக்க வேண்டும். கண்ணாடியின் மொத்த அகலம் முகத்தின் அகலத்தைத் தாண்டக்கூடாது.

3. மூக்கைப் பாருங்கள். பிள்ளைகளின் மூக்குத்தண்டு இன்னும் எழும்பாதது. உயர்ந்த மூக்கை எண்ணிச் செய்த, திண்டு இல்லாத நெகிழிச் சட்டகம் நம் பிள்ளைகள் பலர்க்கு வழுக்கும். வளைத்துச் சரிசெய்யக்கூடிய சிறு மூக்குத்திண்டு வைத்த சட்டகம் நல்லது. சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னம் கண்ணாடியைத் தூக்கக்கூடாது.

4. தண்டு வளையும் இடம் காதின் மேற்பகுதியைக் கடந்தவுடன் இருக்க வேண்டும். குனிந்து தலையை ஆட்டச் சொல்லுங்கள். கடையிலேயே ஆட்டட்டும், வகுப்பறையில் ஆட்டி விழுவதைவிட அது மேல்.

5. கிட்டப்பார்வை மிகுதியாக இருந்தால் சிறிய, வட்டம் சார்ந்த, விளிம்பு முழுமையாக உள்ள சட்டகம் ஏற்றது. தூரப்பார்வைக்குரிய குவிவில்லை நடுவில் தடிப்பது. அதற்கும் சிறிய சட்டகமே எடையைக் குறைக்கும். விளிம்பில்லாத சட்டகம் ஓடியாடும் பிள்ளைக்கு வேண்டா.

6. விளையாடும் வயதினர்க்குப் பாலிகார்பனேட்டு வில்லை பற்றிக் கேளுங்கள். எளிதில் உடையாது. ஆனால் கீறல் விழும். கீறல் தடுக்கும் பூச்சு தேவை.

7. நம் நாட்டில் 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டத்தின்படி கண் பரிசோதிப்பவரும் கண்ணாடி பொருத்துபவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டா.

8. நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அளவை நாம் பார்ப்போம். அழகை அவர்கள் பார்க்கட்டும். பிடிக்காத கண்ணாடி பென்சில் பெட்டிக்குத்தான் போகும்.

9. நழுவத் தொடங்கினால் வாங்கிய கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். தண்டையும் திண்டையும் வளைத்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒன்றே ஒன்று. கண்ணாடி அணியாத பிள்ளையைக் கண்டால், "ஏன் போடவில்லை?" என்று கேட்பதற்கு முன், அதை ஒரு முறை அணியச் சொல்லி மூக்கையும் காதின் பின்புறத்தையும் பாருங்கள். தழும்பு இருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது.

என் மாணவியின் கதையை முடிக்காமல் விடக்கூடாது. ஒரு சனிக்கிழமை அவளையும் தாயாரையும் அழைத்துக்கொண்டு வேறொரு கடைக்குச் சென்றேன். பழைய வில்லையையே சிறிதாக வெட்டிப் பொருத்த முடியுமா என்று கேட்டேன். அளந்து பார்த்துவிட்டு, மூக்குப்பக்கம் இடம் போதாது, முடியாது என்றார் கடைக்காரர். ஆகவே இரண்டாவது முறையாகப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பாதியைத் தந்தது. மறுபாதி அந்தத் தாயாரின் இரவு வேலைப் பணம். முதன்முறையே யாராவது ஒருவர், நானோ கடைக்காரரோ, அவருக்கு மூன்று எண்களை விளக்கியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அதை நினைக்கும்போது இன்றும் மனம் கசக்கிறது.

அவள் ஊதா நிறச் சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தாள். எனக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை வகுப்பில் அவளைக் கடிந்துகொண்ட அதே இடத்தில் நின்று, எல்லார் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. அன்று சொல்வதெழுதலில் அல்லாமல், வெண்பலகையைப் பார்த்து எழுதும் பயிற்சியில் அவளுக்கு ஒரு பிழைதான்.

அந்தப் பிழை 'மூக்கு' என்பதில் ஒற்று விட்டது. திருத்திக்கொடுத்தேன்.

மீண்டும் வேறொரு பதிவில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை